கோபம் இல்லாதவள்

மகன் குமரவேல் வீட்டுக்கு வெளிநாடு வந்திருந்த அம்மா, மருமகள் இங்க்ரிட்டின் துணி அலமாரியைக் கேட்காமலே அடுக்கிவைத்துவிட்டாள். அப்போதிலிருந்து இங்க்ரிட் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மாலையில் நெய்த்தோசைத் தட்டோடு அம்மா கதவருகே போய் நின்றாள்.

“கோவிச்சுக்கிட்டியாம்மான்னு கேளுடா.”

குமரவேல் திணறினான். அந்தக் கேள்வியில் பாதி கெஞ்சல், பாதி கொஞ்சல். அவனுக்குக் கிடைத்த ஆங்கில வார்த்தையிலோ வெறும் கோபம்தான் இருந்தது. அதையே கேட்டுவைத்தான். கதவைத் திறந்த இங்க்ரிட் மரியாதையாகச் சிரித்து, கோபமே இல்லை என்றாள். அப்படியே அம்மாவிடம் சொன்னான்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “எங்கிட்ட கோவிச்சுக்கக்கூடத் தோணலியாடா அவளுக்கு? நான் என்ன வேத்து மனுஷியா?”

என்ன சொல்கிறார் என்று இங்க்ரிட் அவனைக் கேட்டாள்.

குமரவேல் தட்டைப் பார்த்தான்.

“தோசை ஆறிவிடுமாம்” என்றான்.