இரும்புக்கும் ஒரு கீய்ங்

சுண்டல் விற்கும் தனபாக்கியத்தின் இடுப்பிலிருந்து நழுவிய வீட்டுச் சாவி, கடற்கரை மணலுக்குள் இரண்டு நாளாகக் கிடந்தது. இன்றும் கிடைக்காவிட்டால் பூட்டை உடைத்துவிடுவது என்று அவள் புலம்பியது அதன் காதிலும் விழுந்தது.

அப்போது புதையல் தேடும் ஆசையில் ஒருவர், எது உசத்தி என்று பார்க்க புதுசும் பழசுமாக இரண்டு மெட்டல் டிடெக்டர்களோடு வந்தார். திரை வைத்த புதுசு முதலில் நெருங்கியது.

"அண்ணே, இங்கே இருக்கேன்!" என்று கூவியது சாவி.

"இரும்பா? தங்கம், வெள்ளின்னாதான் நான் வாயைத் திறப்பேன்" என்று அது நகர்ந்துவிட்டது.

பின்னால் பழசு வந்தது. சாவிக்குக் கூப்பிடவே மனசு வரவில்லை. ஆனாலும் பழசு 'கீய்ங்' என்று ஊரைக் கூட்டியது.

தோண்டியவர் முகத்தைச் சுளித்தார். தனபாக்கியமோ ஓடிவந்து சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் வெறும் இரும்புண்ணே. எனக்காகவா கத்தினீங்க?" என்றது சாவி.

"எனக்கு அதெல்லாம் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதும்மா" என்றது பழசு. "உள்ளே யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சுது, கத்தினேன்."

அன்றிலிருந்து பூட்டில் திரும்பும்போதெல்லாம் சாவி 'கீய்ங்' என்கிறது. தனபாக்கியமும் எண்ணெய் விட்டு விட்டுப் பார்க்கிறாள். நிற்கிறபாடில்லை.