நீலக் கோடு

மீன் முள் குத்திய வலக்கை விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டே தமயந்தி நாளைக் கடத்திவிட்டாள். சீழ் கோத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரலைக் கீறிக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். முன்கையில் செந்தடம் ஏறி நின்ற இடத்தில் நர்ஸ் பேனாவால் குறுக்கே ஒரு நீலக் கோடு போட்டாள். "செவப்பு இதத் தாண்டுச்சுன்னா ஒடனே ஓடி வந்துரணும். வயித்துல புள்ள வேற இருக்கு."

மறுநாள் வளைகாப்பு. வந்த பெண்கள் எண்ணெய் தடவி, கட்டுப் போட்ட விரலை மடக்கிப் பிடித்து, இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களை ஏற்றினார்கள். நீலக் கோடு உள்ளே போய்விட்டது.

எல்லோரும் கிளம்பியதும் தமயந்தி வலக்கை வளையல்களை ஒதுக்கிப் பார்த்தாள். எண்ணெயில் வழுக்கி ஏறியவை இப்போது நகரவில்லை.

"அத்தை, கோடு தெரியல. நாலு வளையலக் கழட்டிப் பாத்துரட்டுமா?"

மாமியார் அடுப்படியிலிருந்தே பதறினாள். "பிரசவத்துக்கு முன்ன கழட்டுவாங்களா? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? மாத்திரதான் போடுறியே. கைய ஆட்டு, புள்ள சத்தம் கேக்கட்டும்."

தமயந்தி வயிற்றருகே இடக்கையை ஆட்டினாள். வளையல்கள் கலகலத்தன. உள்ளே பிள்ளை புரண்டது.

"அந்தக் கையையும் ஆட்டு தாயி."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை."