கைகாட்டி விழும்வரை

கொருக்குப்பேட்டை ரயில் கைகாட்டி இறங்கவே மாட்டேன் என்கிறது. அதன் கீழே சரக்கு வண்டியின் எஞ்சின் பெருமூச்சு விட்டபடி நிற்கிறது. கரியின் சூட்டைச் சக்கரத்தின் ஓட்டமாக்குவதுதான் ஃபயர்மேன் ஸ்டானிஸ்லாஸின் பிழைப்பு. சக்கரம் நின்றாலும் சூடு நிற்பதில்லை; வால்வு வழியே சீறிக்கொண்டு வானத்துக்கு ஓடுகிறது. அவனுக்கும் நிலைகொள்ளவில்லை. தண்டவாள ஓரத்துக் குடிசையிலிருந்து அவன் மனைவி சிலுவையம்மாள், காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜல்லிமேல் வெறுங்காலோடு ஓடி வருகிறாள். விடியலிலிருந்து ஈரத்துணி பிழிந்து அவள் விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன.

“தொட்டுப் பாருய்யா, இன்னும் அடிக்குதா?” படியில் தொங்கியபடி அவன் குழந்தையின் நெற்றியில் கை வைக்கிறான். “சில்லுனு கீது! காய்ச்ச வுட்டுப்பூட்ச்சு!” என்று கத்துகிறான். அவளும் வைத்துப் பார்க்கிறாள். “இல்லய்யா, கொதிக்குது.” சிரித்த அவன் வாய் அப்படியே நிற்கிறது. அவன் கை அடுப்பிலிருந்து வந்தது. அவள் கை தண்ணீரிலிருந்து. சூடு தன்னிடம் வருகிறதா, தன்னை விட்டுப் போகிறதா என்பதைத் தவிரக் கைக்கு வேறொன்றும் தெரியாது. “கைய நம்பாத. கன்னத்த வச்சுப் பாரு!” என்கிறான். சடாரென்று கைகாட்டி விழுகிறது. டிரைவர் ஊதுகிறார். அவள் அந்த நெற்றியில் கன்னத்தைச் சேர்த்துக் கண்ணை மூடுகிறாள். சக்கரம் உருள்கிறது. அவள் கண்ணைத் திறந்து ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, எஞ்சினின் அடியிலிருந்து வெள்ளை ஆவி பாய்ந்து தாயையும் பிள்ளையையும் அவன் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.