கன்னத்தில் விழுந்த குழி

"இந்தக் கல்யாணம் நடக்காது!"

இரோகா எழுந்த வேகத்தில் விருந்தாளிக்கு நீட்ட மடியில் வைத்திருந்த கோலா கொட்டைத் தட்டு கவிழ்ந்து, கொட்டைகள் நாற்காலிக்கடியில் உருண்டன.

அவர் மகன் ஒபியோரா, ஒவெரி நகரத்திலிருந்து அழைத்து வந்திருந்த பெண் அடாகு, கையில் சூப் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நிமிஷம் முன்னால் வரை அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் இதே இரோகாதான். அவள் சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது. அவருக்கு அது போதும். பக்கத்து வீட்டு அனோசியேவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருய்யா, என் பேரப்பிள்ளைங்க எல்லாம் கன்னக்குழியோட பொறக்கப் போவுதுங்க!"

"அப்படிச் சொல்ல முடியாது மாமா," என்றாள் அடாகு. "இது ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டது. கன்னத்துக்கு உள்பக்கமா ஒரு தையல். அரை மணி நேர வேலை."

"தையலா? அது கன்னமா, தலகாணி உறையா?"

"பிறவியிலயே குழி இருக்கறவங்களுக்குக் கன்னத்துத் தசை ரெண்டாப் பிரிஞ்சு தோலோட ஒட்டியிருக்கும். சிரிச்சா உள்ள இழுக்கும். நான் நர்ஸ், தெரியும். பாக்கப் போனா அதுவும் ஒரு சின்னக் கோளாறுதான் மாமா."

கோளாறு என்று அவள் சொன்னபோதுதான் தட்டு கவிழ்ந்தது.

"டேய், இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. பழகின முதல் நாளே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தே?"

"சொன்னாளேன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

இரோகா சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"உகோயே! இங்க வா. கொஞ்சம் சிரி."

கரண்டியோடு வந்த மனைவிக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். இடது கன்னத்தில் மட்டும் ஆழமாக ஒரு குழி.

"பாருங்கடா! முப்பத்திரெண்டு வருஷமா இதைப் பாத்துத்தான் காலையில எந்திரிக்கிறேன். இதுல ஊசி பட்டிருக்கா? டாக்டர் கை பட்டிருக்கா? கலப்படமே இல்லாத சரக்கு!"

"அதானே," என்றார் அனோசியே, சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடாகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் கிளம்பறேன் அத்தை."

உகோயே அவள் கையைப் பிடித்தாள். "உக்காரு. சூப் ஆறிடும்."

"நான் வேணாங்கறேன், நீ உக்காரச் சொல்றியா?"

உகோயே கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"ஒபியோரா அப்பா, நீங்க அஞ்சாங்கிளாஸ் படிச்சப்போ உபதேசியார் வீட்டு மாமரத்துல கல்லெறிவீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஊர்லயே என்னை மாதிரி குறி பாத்து எறிய ஆள் கிடையாது. அதுக்கென்ன இப்போ?"

"ஒரு நாள் குறி தப்பிடுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு அலறினா. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம ஓடினீங்க."

இரோகாவின் குரல் இறங்கியது. "அது... உனக்கெப்படித் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க என் கன்னத்தைப் பாத்து அப்படி மயங்கிப்போய் நின்னீங்களா, சொல்ல மனசு வரல." உகோயே கிண்ணத்தை எடுத்து அடாகுவின் கையில் கொடுத்தாள். "இவ குழி டாக்டர் போட்டது. என் குழி நீங்க போட்டது."