கடைசித் தாள்

"குழந்தை குட்டிங்க நடமாடுற தெரு. இங்க போய் இப்படி ஒரு படமா?" என்றார் வங்கிக்காரர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

முச்சந்தி விளம்பரப் பலகையில் ஒரு பெண்ணின் வெற்றுத் தோள். முகம் இல்லை. தோளில் செக்கச் சிவந்த ஒரு தடம். அவ்வளவுதான்.

மேலிருந்து தாள் தாளாக ஒட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பசை தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு தாளை நாளைக்கு ஒட்டுவதாகச் சொல்லி, சுருளைச் சாரத்தின் உச்சியிலேயே செருகிவிட்டுப் போயிருந்தான். என்ன விளம்பரம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் என்ன, ஆளுக்கொரு கற்பனை இருந்தது.

"உள்ளாடையா இருக்கும்."

"ஆணுறைங்க. அந்தத் தடத்தைப் பார்த்தாத் தெரியல?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்கு விடியும்போது இது இங்க இருக்கக் கூடாது."

"மனுஷன்னா இவர்தான்யா," என்று மெச்சினார்கள். "வீட்டம்மாவைப் பாருங்க. வெயில் கொளுத்தினாலும் முழுக்கை ரவிக்கை, கழுத்து வரைக்கும் மூடி. குடும்பம்னா அப்படி இருக்கணும்."

அந்த வீட்டம்மா மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டினவனிடம் காலையிலேயே விசாரித்திருந்தாள்.

"என்ன விளம்பரம்னு நான் படிச்சுப் பார்க்கலக்கா. கடைசித் தாள்ல பெருசா ஒரு போன் நம்பர் இருக்கு" என்றிருந்தான்.

அந்த நம்பர் அவளுக்கு வேண்டும். நாளைக் காலை கொஞ்ச நேரம் பலகை நின்றால் போதும். அதற்குள் கிழித்துவிடப் போகிறார்களே.

சட்டை மாற்ற வீட்டுக்கு வந்த கணவரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"முழுசா ஒட்டட்டுமேங்க. என்னன்னு பார்த்துட்டு அப்புறம் கழட்டச் சொல்லலாமே."

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஏணி வந்தது. தாள்கள் கிழிந்து விழுந்தன. கை தட்டினார்கள். தெருவின் மானம் காப்பாற்றப்பட்டது. இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கக்கத்தில் அந்தச் சுருள் இருந்தது. கதவைத் தாழிட்டார். ஜன்னலைச் சாத்தினார். சுருளை மேசைமேல் விரித்தார்.

'வீட்டில் அடி விழுகிறதா? எங்களைக் கூப்பிடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே நம்பர்.

அவள் பாதி நம்பரைப் படிப்பதற்குள் அதை நாலாகக் கிழித்தார்.

மற்றவர்களைப் போல அவரும் ஆபாசம் என்றுதான் நினைத்திருப்பார் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையும் போயிற்று.

ரவிக்கைக்கு மேலாக அவள் தோளை அழுத்திப் பிடித்தார். வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தத் தடம் எதனால வரும்னு இந்தத் தெருவுல நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றார் தணிந்த குரலில். "அது அப்படியே இருக்கட்டும்."