நான்தான், கதவைத் தொற

"நான்தா...ன். கதவைத் தொற."

அறிவியல் டீச்சரின் கையிலிருந்த ஈரச் சாக்ஸ் நழுவித் தரையில் விழுந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு அந்த இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் கேட்ட குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஆற்றோடு போய் ஆறு வருஷம் ஆகிறது.

"யாருங்க அது, ஆம்பளக் குரல்?" கணக்கு டீச்சர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அட்டை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலிடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். "சாப்பிடக் கூப்பிட வந்த விடுதி வாட்ச்மேனா இருக்கும்."

"வாட்ச்மேனுக்கு நம்ம பாஷை எப்படித் தெரியும்?"

கணக்கு டீச்சர் கட்டிலிலிருந்து இறங்கினாள்.

கதவைத் திறந்தால் யாரும் இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வராந்தாவின் ஈரத் தரையில் ஒரு காலடிகூட இல்லை. எதிரே காடு சொட்டிக்கொண்டிருந்தது.

கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான சுற்றுச்சூழல் பயணம் என்று பள்ளியில் அறிவித்தபோது, நாட்டின் பெயரைக் கேட்டதுமே முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான். மழைக்காடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நேரில் பார்த்துப் பாடம் எடுக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னாள். பாலம் கட்ட வந்த அவள் கணவரின் படகு இந்தக் காட்டை ஒட்டி ஓடும் ஆற்றில்தான் கவிழ்ந்தது என்பதைச் சொல்லவில்லை. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கம்பெனி பெட்டியை மட்டும் அனுப்பி வைத்தது.

மகள் அதை நம்பவே இல்லை. இன்றைக்கும் அப்பா நம்பருக்கு மெசேஜ் அனுப்புகிறவள் அவள். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வந்துடும்மா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நான்தா...ன்."

இந்த முறை வராந்தாவின் கோடியிலிருந்து. அறிவியல் டீச்சர் செருப்பில்லாமல் நடந்தாள். கணக்கு டீச்சர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

"என்னங்க..." அறிவியல் டீச்சர் காட்டைப் பார்த்துக் கேட்டாள். "வந்துட்டீங்களா?"

இலைகள் அசைந்தன. கைப்பிடிச் சுவரில் ஒரு கறுப்புப் பறவை வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. செருமியது. "கதவைத் தொற" என்றது.

"அடச்சே! இதுக்கா எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு!" கணக்கு டீச்சர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

பறவை பயப்படவே இல்லை. பக்கத்தில் தத்தி வந்து, இறக்கையை நடுக்கி, வாயை அகலமாகப் பிளந்தது. கணக்கு டீச்சர் பிஸ்கட்டைப் பொடித்து வாயில் போட்டாள். விழுங்கிவிட்டு மறுபடியும் பிளந்தது.

அறிவியல் டீச்சர் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆள் போய்விட்டார், குரல் மட்டும் இந்தக் காட்டில் தங்கிவிட்டது. இத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அழவே தோன்றியதில்லை. இப்போது அழுகை நிற்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் போனைப் பறவையிடம் நீட்டினாள். அது பேசியது.

அந்தப் பக்கம் மகள் கத்தினாள். "அம்மா, அப்பா குரல்..."

"பறவைடி. அப்பா பேசினதைக் கேட்டுக் கத்து வச்சிருக்கு. அவர் நமக்கு விட்டுட்டுப் போனது இவ்வளவுதான்."

"அப்போ அப்பா வர மாட்டாரா?"

"மாட்டார் கண்ணு. இனிமே அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பாதே."

மகள் அலறி அழுதாள். அழுது முடிக்கும்வரை அம்மா போனை வைக்கவில்லை. கடைசியில் மகளே, "சரிம்மா. நீ பத்திரமா வா" என்றாள். கம்மிய குரல், ஆனால் தெளிவாக இருந்தது. அறிவியல் டீச்சருக்கு மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

பயணத்தை நடத்தி வந்த பறவைப் பேராசிரியை, பைனாகுலர் கழுத்தில் ஆட, காட்டுப் பாதையிலிருந்து வந்தாள். "அட, நீ எங்கடா இங்க?" என்று விரலை நீட்டினாள். பறவை உடனே ஏறிக்கொண்டது.

"இது பேசுது மேடம்!" என்றாள் கணக்கு டீச்சர்.

"பேசும். கூட்டிலேருந்து எடுத்து யாரோ வீட்டுல வளர்க்கறாங்க. ஆத்துக்கு அக்கரையில நாலஞ்சு வீடு இருக்கு. வீட்டுல எதை அடிக்கடி கேக்குதோ, அதை அப்படியே பிடிச்சுக்கும்."

அறிவியல் டீச்சர் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர் தங்கியிருந்த வீடாகத்தான் இருக்கும். நாளைக்கு அக்கரைக்குப் போய் அந்த வீட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக அவர் குரலைச் சோறு போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

"இதுக்கு வயசு எவ்வளவு இருக்கும் மேடம்? ஏழெட்டு வருஷம் இருக்குமா?"

பேராசிரியை சிரித்துவிட்டாள்.

"ஏழெட்டு வருஷமா? இந்த வருஷ மழைக்குப் பொரிச்ச குஞ்சும்மா இது."