அடுத்த வீட்டுப் பாம்பு

மைலோ டின்னுக்குள் நெளிந்துகொண்டிருந்தது நல்ல பாம்புக் குட்டி. அப்படி முடிவு கட்டியவள் நவமணி. இதற்கு முன் அவள் நல்ல பாம்பைப் பார்த்தது சிவன் கழுத்தில் மட்டும்தான்.

ஒரு சாண்கூட இல்லை, கன்னங்கறுப்பு, மினுமினுப்பு. கணவர் சின்னையா எட்டிப் பார்த்து, தலை எது வால் எது என்றே தெரியவில்லையே, படம்கூட எடுக்கக் காணோமே என்று இழுத்தார்.

"குட்டிதானே லா, இனிமேதான் கத்துக்கும்," என்றாள் நவமணி. சின்னையா அதற்கு மேல் பேசவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது அது.

பாம்பு எங்கிருந்து வந்தது என்பதில் நவமணிக்குச் சந்தேகமே இல்லை. ஆயர் ஈத்தாமில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் பின்பக்கம் சிமெண்டு போட்டாயிற்று. பக்கத்து வீட்டு கேத்தரின் மட்டும் மண்ணை அப்படியே விட்டு, கறிவேப்பிலை, பாண்டான் இலை, லக்சா நூடுல்ஸுக்குப் போடும் புங்கா காந்தான் பூ என்று ஒரு காடே வளர்த்து வைத்திருந்தாள். சந்தை லக்சாக் கடைகளுக்கு அவள் வீட்டுப் பூதான் போகும். புருஷன் போன பிறகு அவளுக்கு வருமானமும் அதுதான், பேச்சுத் துணையும் அதுதான்.

சத்தம் கேட்டு கேத்தரின் நடுச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தீபாவளி முறுக்கும் கிறிஸ்மஸ் கேக்கும் கைமாறுகிற சுவர் அது. டின்னைப் பார்த்தாள், நவமணி வீட்டுப் பின்பக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அக்கா, இது வந்து..." என்று ஆரம்பித்தவள், நவமணி துளசித் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாயடைச்சுப் போச்சு பார், என்று நவமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று மாலையே தாமான் குடியிருப்பு வாட்சப் குரூப்பில் படம் ஏறியது: பக்கத்துக் காட்டில் நல்ல பாம்பு குட்டி போட்டிருக்கு, எல்லாரும் ஜாக்கிரதை. பேர் போடவில்லை. அந்த வரிசையில் காடு வைத்திருந்தது ஒருத்திதான்.

குரூப் சும்மா இருக்குமா? மாநகர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்றார் ஒருவர். பிள்ளைகளைக் கடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார் இன்னொருவர். கேத்தரினும் அதே குரூப்பில்தான் இருந்தாள், ஒரு வார்த்தை எழுதவில்லை.

சனிக்கிழமை காலை கேத்தரின் பாராங் கத்தியை எடுத்துப் புங்கா காந்தானை அடியோடு வெட்டினாள். சாயங்காலத்துக்குள் பின்பக்கம் மொட்டையாகிவிட்டது. வெட்டியதை எல்லாம் அவளே ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள்.

நவமணிக்கு அப்பாடா என்றிருந்தது. தினமும் துளசியைச் சுற்றி வரும்போது, தாயே, அந்த வீட்டுப் பாம்பு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். சிம்பாங் அம்பாட் நர்சரியிலிருந்து போன மாதம்தான் தொட்டியும் மண்ணுமாகக் கொண்டுவந்த துளசி அது, தளதளவென்று நின்றது.

வேண்டுதல் பலிக்கவில்லை. மழை பெய்த மறுநாள் அடுப்படி ஓரம் இன்னும் ரெண்டு வந்தன. காடுதான் இல்லையே, பிறகு எங்கிருந்து வருது என்று சின்னையா கேட்டது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பாம்புகளை அடையாளம் சொல்லும் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் படத்தைப் போட்டாள். நல்ல பாம்பு என்று அவர்களே சொல்லிவிட்டால் அதையும் குரூப்பில் போடலாம் என்பது கணக்கு.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, சலேஹா என்ற பெண் பதில் எழுதியிருந்தாள். இது குட்டி இல்லை, வளர்ந்ததே இவ்வளவுதான், பேர் புழுப்பாம்பு. விஷம் கிடையாது, எறும்பு முட்டையைத் தின்றுகொண்டு மண்ணுக்குள் கிடக்கும். கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது: அண்மையில் புதுப் பூந்தொட்டி ஏதாவது வாங்கினீர்களா? பெரும்பாலும் தொட்டி மண்ணோடுதான் இது வீடு வீடாகப் போகும்.

நவமணி பின்பக்கம் போனாள். சின்னையாவைக் கூப்பிடவில்லை. துளசித் தொட்டியை மெதுவாகச் சாய்த்தாள். அடியில் இருந்த ஈரத்தில் கறுப்பாக ரெண்டு மூணு நெளிந்து, தொட்டியின் ஓட்டைக்குள் நுழைந்துகொண்டன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் பாம்பையே சுற்றிச் சுற்றி வந்து, பாம்பு வரக்கூடாது என்று கும்பிட்டிருக்கிறாள். அதைக்கூடச் சிரித்து மறந்துவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்த மொட்டைத் தரையை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தொட்டியைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நிமிடம் நினைத்ததற்கே உடம்பு கூசியது. முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

கேத்தரின் அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து வந்து கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பாம்பு என் துளசித் தொட்டியில்தான் இருந்தது, உன்னை ஊர் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டேன், குரூப்பில் நானே எழுதிவிடுகிறேன் என்று நவமணி எப்படியோ சொல்லி முடித்தாள். கண்ணீர் தானாக வந்தது.

"என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே, கேத்தரின். ஏன் ஒண்ணும் பேசாம எல்லாத்தையும் வெட்டிப் போட்ட?"

கேத்தரின் பூட்டிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள்.

"அன்னைக்கே தொட்டியடியில பார்த்துட்டேங்க்கா. உங்க சாமிய நான் எப்படிக் குத்தம் சொல்றது?"